தினம் துடைப்பதா, வருஷத்துக்கு ஒரு முறை கழுவுவதா?

வீடு பெருக்குவதற்கும் கம்பெனி வந்துவிட்ட காலம் இது. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிற துண்டு நோட்டீஸ்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'டீப் கிளீனிங் - நாலு ஆட்கள், ஒரே நாளில் வீடு புத்தம் புதிது' என்று ஒன்று. 'மாதச் சந்தா கட்டினால் தினமும் ஒரு மணி நேரம் ஆள் வருவார்' என்று இன்னொன்று. போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம், "அக்கா, இதிலே எதை எடுக்கலாம்?" என்று கேட்டுவிட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருக்கும் இளம்பெண். கணவருக்கு உருக்காலையில் ஷிப்டு வேலை. வீட்டில் தவழுகிற எட்டு மாதக் குழந்தை. "பெருக்கி முடிச்சு ஒரு மணி நேரத்திலே ஜன்னல் மேடையிலே கறுப்பா படிஞ்சிடுதுக்கா. விரலாலே கோலம் போடலாம். குழந்தைக்கு வேறே ராத்திரியானா மூக்கடைப்பு. கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டு ஒரே தடவையா எல்லாத்தையும் கழுவிட்டா சரியாயிடுமா?" என்றாள்.

அவள் கேள்வி நம் மாவட்டத்துப் பெண்கள் பலருடைய கேள்வி. அதனால் அவளுக்குச் சொன்ன பதிலையே இந்த இதழில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டும் வேறு வேறு வேலை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அன்றாடச் சுத்தம் என்பது பெருக்குவது, துடைப்பது, பாத்திரம், குளியலறைத் தரை, மேஜை, அலமாரியின் வெளிப்புறம். நேற்றிலிருந்து இன்றைக்குள் சேர்ந்த அழுக்கை எடுக்கிற வேலை இது. டீப் கிளீனிங் என்பது மாதக்கணக்கில் சேர்ந்ததை எடுப்பது. ஃபேன் இறக்கை, பரண், ஃபிரிட்ஜுக்குப் பின்புறம், கட்டிலுக்கு அடியில், கொசுவலைச் சட்டம், ஜன்னல் கிரில், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் எண்ணெய்ப் பிசுக்கு, குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படிந்த போர்த்தண்ணீர் உப்பு, டைல்ஸ் இடுக்கு, மெத்தை, சோபா எல்லாம் இதில் வரும்.

இது நமக்குப் புதிதல்ல. பெயர்தான் புதிது. மார்கழி கடைசியில் ஒட்டடை அடித்து, பரணைக் காலி செய்து, பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, போகியன்று கழிந்ததை வெளியே போடுவார்களே, அதுதான் நம் பாட்டிமார்களின் டீப் கிளீனிங். சரஸ்வதி பூஜைக்கு முன் இன்னொரு தடவை. ஆனால் அதே பாட்டி மற்ற நாட்களிலும் விடியற்காலையில் வாசல் தெளித்து, காலையும் மாலையும் வீடு பெருக்காமல் இருந்ததில்லை. வருஷ வேலை இருக்கிறது என்று தின வேலையை விடவில்லை; தினம் பெருக்குகிறோமே என்று போகியையும் விடவில்லை.

போகி என்றதும் ஒரு எச்சரிக்கை. பழைய டயர், பிளாஸ்டிக், ரெக்ஸின் இவற்றைக் கொளுத்தாதீர்கள். 2018-ல் போகியன்று காலை சென்னையில் புகைமூட்டம் விமானங்களையே தாமதிக்க வைத்தது. வீட்டிலிருந்து வெளியேற்றிய அழுக்கு புகையாக நம் குழந்தையின் மார்புக்குள் திரும்பி வருவதற்கா இத்தனை சிரமப்பட்டோம்?

நம் ஊர்த் தூசியின் குணம்

எந்தச் சேவையை எடுப்பது என்று தீர்மானிக்க, 'எனக்கு எவ்வளவு பணம் இருக்கிறது?' என்பதற்கு முன் 'என் வீட்டு அழுக்கு எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலைகள், கம்பி இழுக்கும் ரோலிங் மில்கள் இருக்கின்றன. கொல்கத்தா நெடுஞ்சாலையில் ராத்திரி பகல் லாரி ஓட்டம். தெற்கே வந்தால் வடசென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம். அங்கே நிலக்கரிச் சாம்பல். திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை. போதாக்குறைக்கு எங்கே பார்த்தாலும் புது வீடு கட்டும் மணலும் சிமென்டும். பழவேற்காடு பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றால் கிரில் துருப்பிடித்து உதிரும்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய காகிதத்தில் சுற்றி, ஜன்னல் மேடைத் தூசியின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வந்தால், அதில் இரும்பு கலந்திருக்கிறது என்று அர்த்தம். சிப்காட் பெண்ணிடம் இதைச் சொன்னேன். மறுநாளே போன் செய்து, "மீசை மாதிரி ஒட்டுதுக்கா!" என்றாள்.

கண்ணுக்குத் தெரிகிற இந்தத் தூசியைவிடத் தெரியாததுதான் பொல்லாதது. 2.5 மைக்ரான் அளவுள்ள நுண்தூசி நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். மூக்கு முடியில் சிக்காமல் நுரையீரலின் அடி வரை போகும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்த நுண்தூசியின் வருஷ சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிற அளவு 40.

இப்படிப்பட்ட தூசி தினமும் வருகிறது. இன்றைக்கு நாலு ஆட்களை வைத்து வீட்டையே தலைகீழாகக் கழுவினாலும், நாளை மாலை ஜன்னல் மேடையில் மறுபடி படிந்திருக்கும். ஆகவே ஆலைப்புறத்தில் குடியிருக்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அன்றாடச் சுத்தத்துக்கே கொடுங்கள். டீப் கிளீனிங்கை வருஷத்தில் ஒரு தடவை, அதற்கென்று வருகிற சந்தர்ப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் துடைப்பது என்பதில்தான் விஷயம்

'தினமும் பெருக்குகிறேனே' என்று சொல்லும் பல வீடுகளில் பெருக்குவதுதான் தொந்தரவு. உலர்ந்த தரையில் பூந்துடைப்பத்தை வீசிப் பெருக்கினால் பெரிய குப்பை போகும். நுண்தூசி கிளம்பி மணிக்கணக்கில் காற்றிலே மிதக்கும். நாம் நிமிர்ந்து நிற்கிறோம். குழந்தையோ தரையோடு தவழ்கிறது. கையை ஊன்றுகிறது, அதே கையை வாயில் வைக்கிறது.

அதனால் வேலைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் இந்த ஒழுங்கைச் சொல்லிக் கொடுங்கள். ஜன்னல் மேடையையும் மரச்சாமான்களையும் ஈரத்துணியால் முதலில் துடைக்க வேண்டும். துடைப்பத்தைத் தரையோடு ஒட்டி, உயர்த்தாமல் இழுத்துப் பெருக்க வேண்டும். கடைசியில் ஈரத்துணி அல்லது மாப். இரண்டு அறைக்கு ஒரு தரம் பக்கெட் தண்ணீரை மாற்ற வேண்டும். கறுத்த தண்ணீரிலேயே வீடு முழுக்கத் துடைத்தால் அழுக்கை இடம் மாற்றியதாகத்தான் ஆகும். பினாயிலைத் தாராளமாகக் கொட்டுவதால் தூசி குறையாது. சுத்தமான தண்ணீரும் பிழிந்த துணியும்தான் வேலை செய்யும்.

வாசலில் இரண்டு மிதியடி போடுங்கள். வெளியே முரட்டுத் தேங்காய்நார், உள்ளே துணி. ஆலையிலிருந்து வருகிறவரின் செருப்பும் ஷூவும் வாசற்படியைத் தாண்டக்கூடாது. வேலை உடுப்பைக் குழந்தையின் துணியோடு சேர்த்துப் போடாமல், உதறாமல், தனியாக நனைத்துத் துவைக்க வேண்டும். முடிந்தால் ஆலையிலேயே உடை மாற்றிக் குளித்துவிட்டு வருவது மிக உத்தமம். பாட்டரி, ஈயம் சம்பந்தப்பட்ட ஆலையில் வேலை என்றால் இது கட்டாயம். ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். "அப்பா வந்துட்டார்!" என்று ஓடிவரும் குழந்தையை அவர் குளித்துவிட்டு வந்து தூக்கட்டும்.

ஷிப்டு வீட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர் மத்தியானம் வரை தூங்குவார். சந்தாக் கம்பெனி ஆளோ காலை பத்து மணிக்கு வாளியோடு வந்து நிற்பார். வாராவாரம் ஷிப்டு மாறுகிற வீட்டுக்கு, நேரத்தை அனுசரித்து வரக்கூடிய, அதே தெருவில் இருக்கிற ஒரு அம்மாவை ஏற்பாடு செய்துகொள்வது பல தடவை சௌகரியமாக இருக்கும்.

டீப் கிளீனிங் எப்போது தேவை?

அப்படியானால் டீப் கிளீனிங் வீண் செலவா? அப்படிச் சொல்லமாட்டேன். சில சமயங்களில் அது கொடுத்த காசுக்கு மேல் உபயோகப்படும்.

புதிதாகக் கட்டிய வீட்டுக்கோ, பிறர் காலி செய்த வாடகை வீட்டுக்கோ குடிபோகும்போது: சாமான்களை இறக்குவதற்கு முன் செய்துவிடுங்கள். காலி வீட்டில் பாதி நேரத்தில் வேலை முடியும்.

பிரசவத்துக்கு முன்: தாயும் சேயும் வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். அன்றைக்குக் கர்ப்பிணி வீட்டில் இருக்கக் கூடாது. பரண் தூசியும் மருந்து நெடியும் அடங்கின பிறகு வரலாம்.

ஆஸ்துமா, ஓயாத தும்மல் உள்ள வீட்டில்: மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் குடியிருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை மெத்தை, சோபா, திரைச்சீலைகளை முறையாகச் சுத்தம் செய்வது நல்லது. ஆனால் அதோடு முடியாது. வாரம் ஒரு தடவை விரிப்புகளையும் உறைகளையும் நல்ல வெந்நீரில் துவைத்துச் சுள்ளென்ற வெயிலில் காயப்போடுவதுதான் நிரந்தர வைத்தியம்.

வெள்ளம் வடிந்த பிறகு: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் மாவட்டம் பட்டபாடு தெரியும். எண்ணூர்க் கழிமுகப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள்ளேயே புகுந்து சுவரிலே கோடு போட்டுவிட்டுப் போனது. அந்த மாதிரி சமயத்தில் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சேறு காய்வதற்குள் வழித்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, அதற்குப் பிறகே பிளீச்சிங் பவுடர். சேற்றின் மேலேயே பிளீச்சிங் தூவினால் அதன் சக்தி சேற்றிலேயே செலவழிந்துவிடும். நனைந்த பஞ்சு மெத்தையை மனசில்லாவிட்டாலும் வெளியே போட்டுவிடுங்கள்.

பேசி முடிப்பதற்கு முன்

கம்பெனியைக் கூப்பிட்டால், 'மொத்தமாக இவ்வளவு' என்ற பேச்சை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அறை அறையாக எழுதி வாங்குங்கள். ஃபேன் உண்டா, பரண் உண்டா, ஜன்னலின் வெளிப்புறம் உண்டா, ஃபிரிட்ஜை நகர்த்துவார்களா, பால்கனி தனிக் கட்டணமா என்று கேளுங்கள். எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஒரு பொருள் உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். பாதி பதில் அதிலேயே தெரிந்துவிடும்.

வாக்குவம் கிளீனர் கொண்டுவந்தால், நுண்தூசியைப் பிடிக்கும் 'ஹெப்பா' வடிகட்டி அதில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வடிகட்டி சரியில்லாத மெஷின் முன்பக்கம் உறிஞ்சிப் பின்பக்கம் ஊதிவிடும். துடைக்கிற துணி உங்கள் வீட்டுத் துணியாக இருக்கட்டும். அடுத்த வீட்டுக் கழிப்பறையைத் துடைத்தது உங்கள் சமையல் மேடைக்கு வேண்டாம்.

நகை, பணம், மருந்து மாத்திரைகளை முந்தின நாளே பூட்டி வையுங்கள். யார் மேலும் சந்தேகப்பட்டு அல்ல. ஒரு மூக்குத்தி காணாமல் போய், பிறகு அரிசி டின்னில் கிடைப்பதற்குள் ஒரு ஏழைப் பெண்ணின் மானம் போய்விடக்கூடாது பாருங்கள்!

இவற்றைச் செய்யவே கூடாது

முதலாவது, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேரக்கூடாது. கழிப்பறைக் கறை போகவில்லையே என்று ஒன்றின் மேல் ஒன்றை ஊற்றினால் குளோரின் விஷவாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்தால் உடனே வெளியே வந்து கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மொசைக், பளிங்குத் தரைக்கு ஆசிட்டே ஆகாது; பளபளப்பு போனால் போனதுதான். குழாய் உப்புக்கறைக்கு எலுமிச்சம்பழமோ வினிகரோ நனைத்த துணியைச் சுற்றி அரை மணி வைத்துத் தேய்த்தால் போதும்.

இரண்டாவது, பழைய பெயின்டை உலர்ந்தபடியே சுரண்டவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ விடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஜன்னல், கதவு, கிரில் பெயின்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். சுரண்டினே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டி, உதிர்ந்ததைக் கூட்டி எடுத்து, அன்றைக்குக் குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, செப்டிக் டாங்க். "எல்லாத்தையும் சுத்தம் பண்றீங்களே, அப்படியே செப்டிக் டாங்கையும் பார்த்துடுங்கப்பா, மேலே ஐந்நூறு தர்றேன்" என்று சொல்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2023 மே மாதம் நம் மாவட்டத்து மீஞ்சூரில், ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன இரண்டு பேர் விஷவாயு தாக்கி இறந்துபோனார்கள். பாதுகாப்பில்லாமல் மனிதனை அதில் இறக்குவது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அப்படி இறந்துபோகிறவர்களின் குடும்பங்களுக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் வருமா? மோட்டாரும் குழாயும் உள்ள லாரியைத்தான் கூப்பிட வேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த தண்ணீர் சம்ப்பிலும் மூச்சுவிடக் காற்று இருக்காது. மூடியைத் திறந்த உடனே யாரையும் உள்ளே இறங்க விடாதீர்கள்.

துடைப்பம் பிடிக்கும் கை

கடைசியாக, நம் வீட்டைச் சுத்தம் செய்ய வருகிறவரைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் குழந்தையின் மூக்குக்கு ஆகாத தூசி அவர் மூக்குக்கு மட்டும் ஆகுமா? ஒட்டடை அடிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ள சுத்தமான துணியோ மாஸ்க்கோ கொடுங்கள். ஆசிட் தொடுகிற வேலைக்கு ரப்பர் கையுறை வாங்கி வைத்துவிடுங்கள். போகி வேலை, வெள்ளம் வந்த வேலை இவையெல்லாம் மாதச் சம்பளத்துக்குள் அடங்கியவை என்று எண்ணவேண்டாம். அதற்குத் தனிக் கூலி பேசிக் கொடுப்பதுதான் நியாயம்.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கென்று 2007-லேயே தமிழக அரசு தனி நல வாரியம் அமைத்திருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டால் பிள்ளைகளின் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, முதுமைக்கு என்று உதவிகள் உண்டு. இது பல பேருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் வீட்டுக்கு வருகிற அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பதியவில்லை என்றால், ஒரு நாள் அரை நேரம் லீவு கொடுத்து, மனு எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். போனஸாக ஒரு புடவை கொடுப்பதைவிட இது பெரிய உதவி.

சிப்காட் பெண்ணுக்கு நான் போட்டுக் கொடுத்த அட்டவணையை இங்கே தருகிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

தினமும்: ஜன்னல் மேடை, தரை ஈரத்துடைப்பு. குழந்தை தவழும் இடம் மட்டும் மாலையிலும் ஒரு தடவை.

வாரம் ஒரு நாள்: படுக்கை விரிப்பு வெந்நீர்த் துவையல், கொசுவலை, மிதியடி, குழந்தையின் பொம்மைகள்.

மாதம் ஒரு நாள்: ஃபேன் இறக்கை, எக்ஸாஸ்ட் ஃபேன், கட்டிலுக்கு அடியில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால்.

வருஷம் ஒரு தடவை: மழையெல்லாம் ஓய்ந்து, பொங்கலுக்கு முன் டீப் கிளீனிங். கம்பெனியை வைத்தோ, வீட்டு மனுஷர்கள் எல்லோரும் சேர்ந்தோ.

எல்லோரும் என்றால் வீட்டு ஆண்களும்தான்! ஃபேன் துடைக்க ஏணியில் ஏறுகிறவர் அவராக இருக்கட்டும்.

இத்தனையும் செய்த பிறகும் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் மூக்கடைப்பும் இருமலும் நீடித்தால், அல்லது மூச்சு விடும்போது 'கீ கீ' என்று சத்தம் வந்தால், வீட்டைக் குறை சொல்லிக்கொண்டிராமல் குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சுவாசிக்கும்போது விலா உள்வாங்கினால் அன்றைக்கே, அப்போதே போகவேண்டும். துடைப்பத்துக்கு ஒரு எல்லை உண்டு.

அடுத்த இதழில், போர்த்தண்ணீரால் வீணாகும் பாத்திரங்களையும் தலைமுடியையும் காப்பாற்றுவது எப்படி என்று பார்ப்போம். உங்கள் வீட்டு அனுபவங்களை எழுதி அனுப்புங்கள்.